மூலைக்கு அடியில் ஒரு விரல்

நான் வடிவமைத்த முதல் ஃபிக்ஸ்சர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தானாக ஸ்க்ரூ முடுக்கும் இயந்திரத்தின் கீழே பெட்டியை அசையாமல் பிடித்துவைக்கிற அலுமினியத் தாங்கி அது. விளிம்பெல்லாம் இழைத்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. அதில் வைத்த பெட்டிகளில் பாதி, மூலையில் விரிசல் விட்டு வெளியே வந்தன.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில் எங்கள் தொழிற்சாலை. கிணற்று மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டிகள் செய்தோம். பிளாஸ்டிக் பெட்டிக்கு மூடி வைத்து, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கும் மேஜையில் ஆறு பெண்கள். அவர்களில் ஒருவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். கணவர் இறந்த பிறகு, மகளை நர்சிங் படிக்கவைக்க வேலைக்கு வந்தவர். நான் இன்ஜினியர் என்பதால் என்னை சார் என்பார்.

இயந்திரத்தை விற்றவர்கள் சென்னையிலிருந்து இரண்டு முறை வந்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள், அழுத்தத்தைக் குறைத்தார்கள். ஸ்க்ரூ அப்போதும் சாய்ந்தே இறங்கியது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் பாப்பேன். அப்பறம் மிஷினையும் அனுப்பிடுவேன், உங்களையும் அனுப்பிடுவேன்" என்றார். அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அந்த வாரத்தில் பௌர்ணமி வந்தது. பஸ்ஸெல்லாம் கிரிவலக் கூட்டத்துக்குப் போய்விட, பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. மேஜையில் அக்கா மட்டும் இருந்தார். உடைந்த பெட்டிகளோடு நான் நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தார். ஒரு பெட்டியை எடுத்து என் ஃபிக்ஸ்சரில் வைத்தார்.

"ரெண்டு பக்கமும் இந்த நெருக்கு நெருக்கினா பெட்டி வளையாதா சார்? எல்லாப் பெட்டியும் ஒரே அளவாவா வருது? ஒண்ணு ஜாஸ்தி இருக்கும், ஒண்ணு கம்மியா இருக்கும். அதுவுமில்லாம மூலைக்கு அடியில ஒண்ணுமே இல்ல பாருங்க. நாங்க கையில முடுக்கும்போது அடியில ஒரு விரலைக் குடுத்துத் தாங்கிக்குவோம். உங்க மிஷினு விரலு குடுக்குமா?"

நான் வரைபடத்தில் இருந்த பெட்டி அளவுக்கு ஃபிக்ஸ்சர் செய்திருந்தேன். அவர் கையில் வந்த பெட்டியைப் பற்றிப் பேசினார். மதியத்துக்குள் இருவரும் மாதிரி செய்துவிட்டோம். நான்கு மூலைக்கும் அடியில் தாங்கும் கால்கள். பெட்டியின் அடியில் ஏற்கெனவே இருந்த இரண்டு துளைகளில் நுழைகிற முளைகள். ஒன்று கச்சிதமாக, இன்னொன்று அளவு வித்தியாசத்துக்கு இடம் விட்டு. பக்கவாட்டுப் பிடிகளைப் பெட்டியில் தொட்டும் தொடாமலும் வைத்தோம். இயந்திரத்தை ஓட்டினேன். நாற்பது பெட்டிகள் வரிசையாக வந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

அக்கா கைதட்டிச் சிரித்தார். பிறகு, சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கேட்டார்: "இது ஓட ஆரம்பிச்சா எங்கள இன்னா பண்ணுவாங்க சார்?"

"வேற டேபிளுக்கு மாத்துவாங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

அது எனக்குத் தெரியாத விஷயம். தெரிந்ததைப் போலச் சொன்னேன்.

மறுநாள் மேனேஜர் புதிய ஃபிக்ஸ்சரைக் குனிந்து பார்த்து, "யாரு யோசனை இது?" என்று கேட்டார். அக்கா பத்தடி தள்ளி உட்கார்ந்து மூடி அடுக்கிக்கொண்டிருந்தார். "நான்தான் சார்" என்றேன். அக்கா நிமிரவில்லை. காதில் விழவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் மேனேஜர், ஆறு பேரில் இரண்டு பேர் போதும், நிறுத்த வேண்டிய நான்கு பேரை எழுதிக் கொடுங்கள் என்றார். வேலை தெரிந்தவரை வைத்துக்கொள்வதென்றால் முதலில் அக்காவைத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் இருந்தால் என்றைக்காவது ஒருநாள், யாரிடமாவது, அந்தப் பௌர்ணமியைப் பற்றிப் பேசுவார். முதல் பெயராக அவர் பெயரை எழுதினேன். அவரை அனுப்பிய அன்று வேலூரில் வேலையிருப்பதாகச் சொல்லி லீவு போட்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. கல்யாணமும் நடந்தது.

சில வருஷங்கள் ஓடின. போன மாதம், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரியைப் பார்க்கச் செங்கம் சாலையில் ஒரு விடுதிக்குப் போனேன். வெள்ளைக்காரர்கள் தங்குகிற இடம். படிக்கட்டில் அழுக்குப் போர்வைகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தவர் அக்கா. முன்நெற்றி முடி முழுக்க நரைத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா சார்? மிஷினு ஓடுதா?"

"ஓடுதுக்கா. பொண்ணு படிப்ப முடிச்சுதா?"

"எங்க சார்? பாதியில நிறுத்திட்டேன். இப்ப ஜவுளிக்கடையில நிக்குது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். கோபமே இல்லாத குரல்.

"அந்த லிஸ்டு மேனேஜர் டேபிள் மேல கெடந்துது சார். தெனமும் நீங்க எழுதற சீட்டப் பாத்துதான வேல செஞ்சோம், உங்க கையெழுத்து தெரியாதா? மத்தவங்ககிட்ட நான் சொல்லல. சொன்னா மட்டும் இன்னா ஆயிடப்போவுது?"

மாடியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போர்வைகளை ஓரமாக வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார். நான் அங்கேயே நின்று காத்திருந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வியாபாரி வந்தார், இருவரும் காப்பி குடிக்கப் போனோம்.

அதற்கடுத்த வாரம் இரண்டாவது இயந்திரம் வாங்க முடிவானது. அக்காவும் நானும் செய்த அந்த ஃபிக்ஸ்சரையே அளவெடுத்து வரைந்து, படத்தை என் மேஜைக்கு அனுப்பியிருந்தார்கள். கீழ்மூலையில் வடிவமைத்தவர் பெயருக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.