அடக்கிக்கொள்ளும் சமத்து

எங்கள் பேருந்தின் நடத்துநர் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓட்டுநரான என்னையே, "தம்பி, வண்டி ஓட்டுறியா, தாலாட்டுறியா?" என்று பயணிகள் முன்னால் கேட்பாள். அப்பேர்ப்பட்டவள் வேலை முடியும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் கழிப்பறைக்கு இறங்க வேண்டும். இறங்கினால் நேரக் காப்பாளர் கத்துவார். அடக்கிக்கொள்வதுதான் எங்கள் தொழிலில் கெட்டிக்காரத்தனமாம். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. ஐந்து வயது மகளையும் அப்படியே பழக்கியிருந்தாள்: "அம்மா மாதிரி அடக்கிக்கணும். நீ சமத்து."

அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி குளிர் காய்ச்சல். தெருமுனை டாக்டர் ஒவ்வொரு முறையும் தொண்டையைப் பார்த்து மருந்து எழுதினார். சிறுநீரைப் பரிசோதிக்க அந்த மகானுபாவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் குழந்தைகள் மருத்துவமனையில்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கிருமி இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் மருந்தை நிரப்பி, பிள்ளை சிறுநீர் கழிக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"கீழ போகவேண்டியது திரும்பக் கிட்னிக்கு ஏறுது. பிறவியிலேயே வந்தது, வளர வளரச் சரியாகலாம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா வலது கிட்னியில தழும்பு விழுந்திருச்சு. இனிமே கிருமி வரவிடக் கூடாது. தினமும் ராத்திரி இந்த மருந்து, நிறையத் தண்ணி. அடக்கவே கூடாது."

அக்கா பள்ளி அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தாள். மறுவாரமே, பிள்ளை நனைந்த பாவாடையோடு வகுப்புக்கு வெளியே நிற்பதாகத் தகவல். பள்ளி எங்கள் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால்தான். நானும் கூடவே ஓடினேன்.

"பெல் அடிக்கிறவரைக்கும் யாரையும் விடுறதில்லைங்க," என்றார் டீச்சர்.

"மூத்திரம் மேல ஏறி எம்பொண்ணு கிட்னியக் கெடுக்குது. உங்க பெல்லக் கேட்டுட்டுத்தான் அது ஏறுமா?"

பக்கத்து வகுப்பும் அடங்கிப்போனது. நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்றால், அக்கா எதையும் மிச்சம் வைக்கவில்லை.

டீச்சர் முகம் வெளிறிப்போனது. "ஆபீஸ்ல எங்கிட்ட சொல்லவே இல்லைங்க," என்றவர் பிள்ளையிடம் குனிந்தார். "நீ போயிட்டு வாடா கண்ணு."

"வேணாம் மிஸ். கொஞ்சம்தான் போயிடுச்சு. மீதிய அடக்கிக்கிட்டேன்," என்ற பிள்ளை அம்மாவைப் பெருமையாகப் பார்த்தது. "நான் சமத்து."

அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு பணிமனைக்குத் திரும்பினாள். பேருந்தில் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நேரக் காப்பாளர் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். அக்கா விசிலை என் கையில் திணித்தாள்.

"வண்டி நிக்கட்டும்," என்றாள். மகளை இறக்கிவிட்டுக் கையைப் பிடித்துக் கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.

"வா. அம்மாவுக்கும் வருது. காலையிலேருந்து."