கடைசிக் கட்டத்தில் தொடங்குபவர்

என் புருஷன் மணவாளனுக்குப் பேச்சில் இப்போது மிச்சம் ஒரே ஒரு வார்த்தைதான்: "ஆமா." அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு அவருடைய கடையைப் பிடுங்கப் பார்த்தார்கள். வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி வேதகிரிதான். இதைச் சொன்னால் என்னை வாயாடி என்பார்கள். சொல்லட்டும். இந்த வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு வாய்தான் இருக்கிறது. அது கொஞ்சம் கூடுதலாகத்தான் வேலை செய்யும்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை எங்களுடையது. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் மானாம்பதியிலிருந்தும் அதைத் தாண்டியும் வண்டியில் போட்டு எடுத்து வருவார்கள். கருகிய செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, ஓடவிட்டுக் காட்டுவார். கம்பியைப் பிடிப்பதும் சுற்று எண்ணுவதும் என் வேலை. பயிர் வாடுகிற நேரத்தில் வருகிறவன் சண்டைக்காரனாகத்தான் வருவான். எப்போது தருவாய், எப்போது தருவாய் என்று தலைமேல் நிற்பான். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

ஆனால் காலையில் கடையைத் திறந்ததும் அவருக்கு முதல் வேலை மோட்டார் இல்லை, பேப்பர். அதிலும் செய்தி இல்லை. உள்பக்கத்து மூலையில் வருமே குறுக்கெழுத்து, அதுதான். ஸ்டூலில் உட்கார்ந்து, காதில் செருகிய பேனாவை எடுத்து, உலகத்தை மறந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெளிய ஆளு நிக்கிறான், நீங்க இன்னாடான்னா கட்டம் ரொப்பிக்கினு கீறீங்க!"

"இத்த கேளு கொயலி" என்பார். என் பெயர் ஏலவார்குழலி. அவர் வாயில் அது கொயலிதான். "'தலை போன கவலை மீனவர் கையில்.' ரெண்டே எழுத்து. சொல்லு பாக்கலாம்."

"எனக்கு கீற கவலை போதும்."

"கவலைல மொத எழுத்த எட்தா இன்னா மிச்சம்? வலை! குறிப்பு குடுக்கறவன் நேரா சொல்ல மாட்டான், சுத்திக்கினுதான் வருவான். நாமளும் கூடவே சுத்தணும்."

அதிலும் எத்தனை கூத்து தெரியுமா? இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு விட்டால் பரவாயில்லை. வலமிருந்து இடம் உண்டு, கீழிருந்து மேல் உண்டு. ஒரு வார்த்தையைத் தலைகீழாக நிறுத்தி எழுதுவதில் மனுஷனுக்கு என்ன சந்தோஷமோ என்று நான் முணுமுணுத்துக்கொண்டே கடையைப் பெருக்குவேன்.

போன ஐப்பசியில், அடைமழை நாளில், கையில் கம்பியோடு அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரோடு திரும்பி வந்தது என் பாக்கியம். வலது கை விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். பேச்சு போய்விட்டது, அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

"நாஷ்டாவுக்கு இட்லியா, தோசையா?"

"ஆமா."

"கால் வலிக்குதா?"

"ஆமா."

"வலிக்கலியா?"

"ஆமா."

சொன்ன மறுகணமே, சொன்னது தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். இடது கையால் பட்டென்று தன் வாயிலேயே அடித்துக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் அடி. உதடு வீங்கிப்போயிற்று. நான் கையைப் பிடித்துக்கொண்டு சாமியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் ஆத்திரம்தான்.

பார்க்க வந்த சனம் இன்னும் மோசம். அவர் எதிரிலேயே, சுவரில் மாட்டிய படத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். "பாவம், புத்தியும் பூட்ச்சி" என்றாள் ஒருத்தி. "ஒனக்கு எப்ப வந்துது, அவருக்கு போறதுக்கு?" என்று கேட்டேன். அவள் அதற்கப்புறம் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

பேப்பரை நிறுத்தச் சொல்ல மறந்திருந்தேன். தினமும் வந்து விழும், நான் எடுத்து அலமாரித் தட்டில் விரிப்பேன். ஒரு நாள் காலையில் காபி எடுத்துக்கொண்டு வருகிறேன், அவர் பேப்பரை முழங்காலில் விரித்து, இடது கையில் பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். 'வயலுக்கு எல்லை.' நான்கு கட்டம். முதல் கட்டத்தில் ஏதோ எழுதி, கை பட்டு மை ஈஷிக் கறுப்பாகக் கிடந்தது. அதை விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் 'பு' போட்டார். அதற்கு முன் கட்டத்தில் 'ப்'. அதற்கு முன்னால் 'ர'. பின்னாலிருந்து எழுதுகிறாரே, எல்லோரும் சொன்னது நிஜம்தானோ என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் கறுப்பின் மேலேயே அழுத்தி 'வ' போட்டார்.

வரப்பு.

காபியைக் கீழே வைத்துவிட்டேனா, கொட்டிவிட்டேனா, நினைவில்லை. இடது கையால் இடப்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு போனால் எழுதியதைக் கையே அழித்துவிடும். அதனால் வலது கோடியில் தொடங்கியிருக்கிறார். இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருத்தரும் இல்லை. புத்தி போனவனுக்கு வருமா இந்த யோசனை?

ஆனால் வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும், எழுதுங்கள் என்றால் பேனா சும்மா கிறுக்கித் திரிந்தது. கட்டம் இருந்தால்தான் எழுத்து வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஸ்ரீலேகா என்ற பெண்ணிடம் சொன்னேன். "வார்த்தை எல்லாம் உள்ளதான்மா இருக்கு, வர்ற வழிதான் அடைச்சிருக்கு. கட்டம் அவருக்கு ஒரு வழின்னா அதையே புடிச்சிக்கோங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். வீட்டுத் தரை முழுக்கச் சாக்கட்டியால் கட்டம் போட்டேன். பிறகு அவரே போட ஆரம்பித்தார். எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் முதலில், அப்புறம் கடைசியிலிருந்து எழுத்து.

முதல் முதலாக அவராகப் போட்டது மூன்று கட்டம். நான் பக்கத்தில் குந்தி, என்னென்னவோ எதிர்பார்த்துக் காத்திருந்தேன். கொயலி என்று எழுதுவாரோ என்றுகூட நினைத்தேன், சொல்ல வெட்கமென்ன. 'பு', 'ப்', 'உ'. உப்பு! டாக்டர் குறைக்கச் சொன்னார் என்று நான் ரசத்தில் பேருக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உப்பு போதுமா என்று கேட்டபோதெல்லாம் ஆமா ஆமா என்று சொல்லிவிட்டு அத்தனை நாளும் உள்ளுக்குள் கடுப்பாகியிருக்கிறார் மனுஷன். "போட முடியாது, இன்னா பண்ணுவ?" என்றேன். சிரித்தார். அவர் சாய்ந்ததற்கு அப்புறம் அன்றுதான் சிரித்தார்.

இந்த நேரத்தில்தான் வேதகிரி வந்தார். வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை, வீடும் அங்கேயே. கடை இருக்கும் இடம் மாமனார் கட்டியது, அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தொழில் மட்டும் இவருடையது. ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தடவிக் கொடுத்துக் கேட்டார்.

"ண்ணா, கடை சும்மா பூட்டிக்கினு கெடக்குது. செல்போன் கடைக்கு ஒரு பார்ட்டி கேக்கறான். குட்துடலாமா?"

"ஆமா."

பட்டென்று வாயில் அடி விழுந்தது. வேதகிரி அதைப் பார்த்தாரோ என்னவோ. பார்க்காதவர்போல் என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா அண்ணி? அண்ணனே சொல்ட்டாரு" என்றார்.

"ஒன் தலைய வெட்லாமான்னு கேளு. அதுக்கும் ஆமாதான் சொல்லுவாரு."

"ஒங்களுக்கு புடிச்சா ஆமா, புடிக்கலன்னா இல்லியா?"

"நான் அந்த ஆமாவ எட்துக்கறதே இல்ல. கட்டம் போட்டுதான் கேக்கறேன்."

"கட்டமா?" என்று சிரித்தார். "இன்னா அண்ணி, ஜோசியம் பாக்கறீங்களா?"

போய்விட்டார். போனதோடு விடவில்லை. அண்ணன் சம்மதித்துவிட்டார் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். கடைக்கு வருகிறவர் பழையசீவரத்துக்காரர், பெஞ்சமின் என்று பெயர், புதன்கிழமை இடத்தை அளக்க வருகிறார் என்று எனக்கே மூன்றாம் மனிதர் மூலமாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. கடை போனால் இந்த மனுஷன் எழுந்து நிற்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டு மூலையில் ஒரு நாற்காலியும் ஒரு ஆமாவும்தான்.

புதன்கிழமை காலையில் ஆட்டோவில் ஏற்றி அவரைக் கடைக்கு அழைத்துப் போனேன். ஷட்டர் துருப்பிடித்து மேலே ஏற மாட்டேன் என்றது. எட்டி ஒரு உதை விட்டேன், ஏறியது. உள்ளே மேசைமேல் அவர் சாய்ந்த அன்றைக்குப் பாதியில் நின்ற மோட்டார் அப்படியே இருந்தது, தூசியும் ஒட்டடையுமாக, கம்பி தொங்கிக்கொண்டு. அவர் அதையே பார்த்தார். ஸ்டூலில் உட்கார வைத்தேன். அன்றைய பேப்பரை மடியில் போட்டேன்.

பேப்பரை விரிப்பதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள். பெஞ்சமின் கையில் அளக்கும் டேப். ஆனால் நல்ல மனிதர். இவரைப் பார்த்ததும் டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"சார் கடைதானே இது? அவரு வாயால ஒரு வார்த்த சொன்னா எனக்கு போதும்" என்றார்.

"தாராளமா" என்றார் வேதகிரி. "ண்ணா, பெஞ்சமினுக்கு கடைய குட்துடலாமா?"

"ஆமா."

அடி. இந்த முறை உதட்டில் ரத்தமே வந்துவிட்டது. வேதகிரி, முடிந்தது என்பதுபோல் கையை விரித்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. இடுப்பில் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்து என் புருஷனின் இடது கையில் வைத்தேன்.

"தம்பி, நீயே மறுபடி கேளு. நான் சொல்லிக் குட்தேன்னு பேச்சு வரக்கூடாது. நான் வெளிய போய் நிக்கறேன், வாயத் தொறக்க மாட்டேன்."

ரோட்டுக்கு இறங்கி, உள்ளே தரை தெரிகிற மாதிரி நின்றேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அப்போதுதான். அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

வேதகிரி அலுத்துக்கொண்டே மறுபடி கேட்டார். இவர் ஸ்டூலிலிருந்து சறுக்கி, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். கோணல்மாணலாகக் கட்டம் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று போய் ஆறில் நின்றது. பிறகு கடைசிக் கட்டத்துக்குக் கையைக் கொண்டுபோய் 'ன்' போட்டார்.

"பாத்தியா பெஞ்சமின்?" என்றார் வேதகிரி. "கொயந்தகூட மொத கட்டத்துலதான் ஆரம்பிக்கும். இவரு கடைசில ஆரம்பிக்கறாரு. இத்த வெச்சிக்கினு எங்க அண்ணி கட்டம், வட்டம்னு பேஜார் பண்ணுது."

பெஞ்சமின் கிட்டே வந்தார். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து 'டே' விழுந்தது. 'ட்' விழுந்தது. 'மா'வுக்கு அழுத்தியதில் சாக்கட்டி உடைந்தது. துண்டைப் பொறுக்கி மறுபடி எழுதினார்.

"மாட்டேன்" என்று படித்தார் பெஞ்சமின்.

"அதான், இனிமே வேல செய்ய மாட்டேன்னு சொல்றாரு" என்றார் வேதகிரி. இன்னும் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. ரோட்டில் நின்ற எனக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

'ர'.

'த'.

தர மாட்டேன்.

பெஞ்சமின் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய ஆள் படித்துவிட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வேதகிரியின் முகம் சுண்டிப்போயிற்று. "இது அண்ணி வேலை" என்றார்.

"அவங்க ரோட்டுல நிக்கறாங்க சார்" என்றார் பெஞ்சமின். "நான் வேற எடம் பாத்துக்கறேன்." என் புருஷனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேதகிரிக்குத் தோற்றுப் போகத் தெரியாது. அண்ணன் எதிரில் நின்று கத்தினார். "வாய் இல்ல, ஒரு கை இல்ல, நடக்க முடியல. இத்த வெச்சிக்கினு கடைய நடத்திடுவியா நீ?"

"ஆமா" என்றார் அவர்.

நான் ஓடி உள்ளே போனேன், அந்தக் கையைப் பிடிக்க. கை மேலே வரவில்லை. சாக்கட்டித் துண்டை இறுக்கிப் பிடித்தபடி தொடைமேலேயே இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைச் சிமிட்டாமல். வாயில் அடித்துக்கொள்ளவில்லை.

வேதகிரி போனபிறகு அவரைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தேன். உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்தேன். அவர் இடது கையை நீட்டி மேசைமேல் இருந்த மோட்டாரைக் காட்டினார். நான் தூசியைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.