பிள்ளை மடுவத்துக் கண் பரீட்சை

கண்ணைச் சோதித்ததற்குக் காசு கேட்டால் பதுளையில் ஆட்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதில் எந்தக் குறையும் இருக்காது. பஸ் போர்டு தெரியவில்லை என்று வந்தவர்கூட, பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற 'சோதனைக் கட்டணம்' என்பதை மட்டும் கண்ணாடி இல்லாமலே வாசித்துவிடுவார். "என்னா மிஸ், பாத்ததுக்குமா காசு? எதிர்ல சும்மாதான பாக்குறாங்க?" என்பார்.

எதிரில் என்பது என் கண்ணாடிக் கடைக்கு நேரெதிரே இருக்கிற கொழும்புக் கண்ணாடிக் கம்பனி ஒன்றின் கிளை. மழைக்காலத்திலும் அங்கே ஏசி ஓடும். வாசலில் பலூன், உள்ளே சோபா, ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம். கண்ணை ஒரு மெஷினில் வைத்தால் அது கிர்ரென்று சுற்றி ஒரு துண்டுக் கடதாசியைத் துப்பும். கடதாசி வந்தால் வைத்தியம் முடிந்தது. நான் ஓர் ஆளை இருட்டறையில் உட்காரவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, இது நல்லா இருக்கா அது நல்லா இருக்கா என்று அரைமணி நேரம் தொண்டை வறளக் கேட்பேன். அவ்வளவையும் முடித்து பவர் எழுதிக் கொடுத்தால், அந்தக் கடதாசியோடு நேரே வீதியைக் கடப்பார்கள். போனால் போகட்டும் என்றால், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருவார்கள். எதிர்க்கடைக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்குகிறதாம், காலைக் கொஞ்சம் வளைத்துத் தரவேண்டுமாம். அதற்கும் காசு கேட்கக்கூடாது, திருகாணியை முடுக்குவது தர்மக் கணக்கில் சேர்ந்தது.

ஹாலிஎலப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மனைவிக்குத்தான் கண்ணாடி தேவை. ஆனால் உட்கார்ந்து தன் கண்ணைக் காட்டினார். "அவ வந்தா ஒரு நாள் பேரு போயிரும் மிஸ். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதாங்க. எனக்குப் பாத்தா அவளுக்கும் சரியா இருக்கும்." ஒரு நாள் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அது எனக்குப் புரிந்தது, அதற்காக அவர் கண்ணை வைத்து அவர் மனைவிக்குக் கண்ணாடி செய்ய முடியாது என்றேன். எதிர்க்கடையில் முடியும் என்று சொல்லிவிட்டார்களாம்.

பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணன், நான் நானா என்று கூப்பிடுபவர், தினமும் எனக்கு வியாபாரம் கற்றுக்கொடுப்பார். "தங்கச்சி, நீங்களும் ரெண்டு பலூன் கட்டுங்க. கடைய கொஞ்சம் துடைச்சு லைட்டு போடுங்க. சனம் உள்ள வாறதுக்கு முந்தி கண்ணால பாக்கும்." கண்ணைப் பற்றி எனக்கே பாடம். நான் படித்தவள், எனக்குப் பலூன் எதற்கு என்று ஒரு திமிர். அந்தத் திமிரோடு காலியான கடையில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் சுயதொழில்.

ஒருநாள் எதிர்க்கடை மேனேஜரே வீதியைக் கடந்து வந்தார். கழுத்தில் டை, முகத்தில் நிரந்தரச் சிரிப்பு. என் கடையை விலைக்குக் கேட்கப் போகிறார், என்ன சொல்லி மூக்கை உடைக்கலாம் என்று அவர் உட்காருவதற்குள் இரண்டு பதில் தயாரித்துவிட்டேன். அவர் கேட்டது வேறு. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலவசக் கண் முகாம் நடத்துகிறார்கள். அவருடைய ஆட்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஒரே ஒரு நாள் வந்து மொழிபெயர்த்தால் போதும், கூலி உண்டு, மதியச் சாப்பாட்டுப் பார்சலும் உண்டு என்றார் சிங்களத்தில், மிக மரியாதையாக. கண்ணைச் சோதிக்கப் படித்தவளிடம் வாயை மட்டும் வாடகைக்குக் கேட்டார்.

போனேன். சேவை மனப்பான்மை என்று சொன்னால் நானே சிரிப்பேன். அவர்கள் எப்படிச் சொதப்புகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

முகாம் நடந்தது பிள்ளை மடுவத்தில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. சுவர் முழுக்க யானை, வாத்து, மாம்பழம் என்று படம் வரைந்திருக்கும். அந்தச் சுவரில் கம்பனிக்காரர்கள் டேப் வைத்து ஓர் அட்டையை ஒட்டினார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டை அது. சீப்பை உடைத்ததுபோல மூன்று பல் வைத்த ஒரே உருவம் மேலே, கீழே, வலது, இடது என்று திரும்பித் திரும்பி நிற்கும். வரிக்கு வரி சிறுத்துக்கொண்டு போகும். பல் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.

காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லோரும் கட்டாயம் கண் காட்ட வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். இலவசம் என்று சொன்னது காதில் விழவில்லை, கட்டாயம் என்று சொன்னது விழுந்துவிட்டது. தோட்டத்தில் எது கட்டாயமோ அதன் பின்னால் ஏதோ ஒன்று இருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கண் தெரியாதவர்களின் பேரை வெட்டப் போகிறார்கள் என்று பத்து மணிக்குள் தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகச் செய்தி போய்விட்டது. பேரை வெட்டினால் வேலை இல்லை.

ஆகவே எனக்கு முன்னால் நின்றது நோயாளிகளின் வரிசை இல்லை, பரீட்சை எழுத வந்தவர்களின் வரிசை. முதலில் பார்த்துவிட்டு வெளியே போனவள் வாசலிலேயே விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். வரிசையின் கடைசிவரை ஒரே முணுமுணுப்பு. "மேல, வலது. கீழ, இடது, மேல." என் காதுபடவே ஒருத்தி இன்னொருத்தியைத் திருத்தினாள், "இல்லடி, மூணாவது வரியில மொதல்ல கீழ." கம்பனிப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு அது ஏதோ பஜனைபோலக் கேட்டிருக்கும்.

ஒவ்வொருத்தியும் உள்ளே வந்து, உட்கார்ந்து, மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எல்லோருக்கும் அபாரமான பார்வை. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது தலைக்கணக்கும், பேனருக்கு முன்னால் நிற்கிற படமும்தான். ஊவா மாகாணம் முழுக்க இப்படி ஒரு தோட்டம் இல்லை, தேயிலைக் காற்றுதான் காரணம் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மனப்பாடம் செய்கிறார்கள், எழுத்தை மாற்றி மாற்றிக் குச்சியால் தொட்டுக் கேளுங்கள் என்றேன். அதற்கு நேரம் போகும் என்றார். "நீங்க மொழிபெயர்த்தா மட்டும் போதும் மிஸ்" என்றார், சிரிப்பு மாறாமல்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தலையில் சுற்றிய துண்டுகூட அவிழ்க்கவில்லை, கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு நேரே வந்திருந்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் படிக்கச் சொன்னேன். கணீரென்று ஆரம்பித்தார்.

"மேல. வலது. கீழ..."

அந்த நேரம் பார்த்து, மழை ஈரத்தில் ஊறிய சுவர் டேப்பை விட்டுவிட்டது. அட்டை ஓரம் கிழிந்து, சரிந்து தரையில் விழுந்தது. பின்னாலிருந்த மஞ்சள் வாத்து வெளியே வந்தது. அறையே அதைப் பார்த்தது. பார்க்காதவர் ஒருவர்தான்.

"இடது. மேல. கீழ. வலது" என்று அக்கா வாத்தின் வயிற்றைப் பார்த்து, ஒரு பிழையும் இல்லாமல், கடைசி வரிவரைக்கும் படித்து முடித்தார். முடித்துவிட்டு, பாஸான முகத்தோடு என்னைப் பார்த்து, "சரிதானுங்க மிஸ்?" என்றார்.

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு மொத்த வரிசையும் சிரித்தது. மேனேஜர்கூடச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பையிலிருந்த டோர்ச்சை எடுத்து அந்த வலது கண்ணில் அடித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கறுப்பாக இருக்கவேண்டிய நடு, சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. முற்றிய கண்புரை. இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. முகாமுக்கும் கொண்டுவந்திருந்த அந்த மெஷின் அவருக்கு முன்னமே ஒரு கடதாசி துப்பியிருந்தது, ஆனால் அதில் வலது கண்ணுக்கு ஒன்றும் விழவில்லை. விழாத இடத்தில் ஒரு பையன் 'நன்று' என்று எழுதியிருந்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். சின்ன ஒப்பரேஷன்தான், பதுளை ஆஸ்பத்திரியில காசில்லாம செய்வாங்க."

"சத்தமா சொல்லாதீங்க மிஸ்" என்றார் பல்லிடுக்கில். "பேர வெட்டிட்டா நீங்களா வந்து சோறு போடுவீங்க? கொழுந்த கையி பாத்துக்கும். கண்ணு எதுக்கு?"

எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்பனிக்காரர்கள் கிழிந்த அட்டைக்குப் பதிலாக வேறோர் அட்டையை ஒட்டினார்கள். அதில் பல்வரிசை வேறு மாதிரி. வரிசையில் ஒரு கூச்சல் எழும்பியது பாருங்கள்! "மிஸ், பேப்பர மாத்திட்டாங்க! இது அநியாயம்!" என்று ஒருத்தி என்னிடமே முறையிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தோட்டத்தில் கண் தெரியாதவர்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். ஆனால் பாதிப்பேர் கூடையோடு கலைந்துவிட்டார்கள். மேனேஜர் இருக்கிறவர்களை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் சாப்பாட்டுப் பார்சலை வாங்காமல் பஸ் ஏறினேன். வாங்கியிருக்கலாம், பசி உயிரை எடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் அதே அக்கா. நல்ல சேலை, கையில் குடை. உள்ளே வந்து, யாரும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். யாரும் இல்லாமல் இருப்பது என் கடையில் பெரிய காரியமில்லை.

"மிஸ், அந்த ரெண்டாவது பேப்பரையும் எனக்கு சொல்லிக் குடுங்க. திரும்ப வருவாங்களாம். சும்மா வேணாம், பீஸ் தாரேன்."

இத்தனை வருஷத்தில் சோதனைக்குக் காசு தருகிறேன் என்று தானாகச் சொன்ன முதல் ஆள். அதுவும் விடையை விற்கச் சொல்லி. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பேர வெட்டுறாங்கன்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? கட்டாயம்னு சொன்னாங்கல்ல."

"அந்தக் கம்பனிக்கும் உங்க பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல அக்கா. அவங்களுக்கு வேண்டியது உங்க போட்டோ."

நம்பவில்லை. நான் எழுந்து போய் அவருடைய இடது கண்ணை என் கையால் பொத்தினேன். "இப்ப வாசலுக்கு நடங்க" என்றேன். இரண்டடி வைத்தார், என் ஷோகேஸில் மோதினார். கண்ணாடித் தட்டைத் தடவிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இப்ப நான் கையால பொத்தியிருக்கேன். எடுத்துருவேன். இந்தக் கண்ணுலயும் அந்தப் பூ முழுசா விழுந்திருச்சுன்னா யாரு எடுக்கிறது? அப்ப யாரும் பேர வெட்ட வேண்டியதில்ல. நீங்களே மலைக்கு ஏற முடியாம நின்னுருவீங்க."

என் கையை மெல்ல விலக்கிவிட்டு, மோதிய ஷோகேஸை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு சந்தேகத்தோடு கேட்டார்.

"ஆஸ்பத்திரியில என்ன பேப்பருங்க மிஸ்?"

"அங்க உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்களே பாப்பாங்க."

கடிதம் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் அவரிடம் காசு வாங்கவில்லை. பரீட்சையே நடக்கவில்லையே.

ஒப்பரேஷனுக்கு முறை வரப் பல மாதமாயிற்று. இடையில் எதிர்க்கடையில் பலூன் நிறம் மாறியது. நானா இரண்டு பலூன் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார், நான் ஊதவில்லை. பேர் வெட்டிவிட்டார்களோ, என் பேச்சைக் கேட்டு அந்த அக்கா வேலையை இழந்துவிட்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு வந்தார். பேர் அப்படியே இருக்கிறதாம். ஒப்பரேஷனுக்கு லீவு கேட்டதற்குக் கங்காணி, இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று ஏசினாராம், அவ்வளவுதான். உட்காரவைத்து, இடது கண்ணை மூடச் சொல்லி, அட்டையைக் காட்டினேன். குச்சியால் எழுத்தை மாற்றி மாற்றித் தொட்டேன். நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிக்கு முந்திய வரியில் நிறுத்தினார்.

"இது தெரியலங்க மிஸ்."

அந்த அக்கா என்னிடம் தெரியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முக்கால் மணி நேரம் எடுத்து, லென்ஸ் மாற்றி மாற்றி, இந்த வரியும் தெரியும்வரை விடாமல் பார்த்து, பவரை எழுதினேன். இனி பிரேம் எடுக்க வேண்டியதுதான். அவரே ஷோகேஸிடம் போய்க் குனிந்தார். முன்பு மோதிய அதே ஷோகேஸ். இப்போது இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"என்னங்க மிஸ் இவ்வளவு தூசி?" என்றார். "பிரேமெல்லாம் வெள்ளக்காரத் தொரை காலத்து மாதிரி இருக்கே."

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, சோதனைக் கட்டணத்தை மேசையில் வைத்தார்.

"ஐயோ, இருக்கட்டும் அக்கா."

"இல்ல மிஸ். நீங்கதான் ஒழுங்கா பாத்தீங்க. பாத்ததுக்குக் காசு குடுக்காம போறது சரியில்ல." பவர் எழுதிய கடதாசியை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

வாசலில் நின்று பஸ் வருகிறதா என்று வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். வீதியைக் கடந்து நேரே எதிர்க்கடைக்குள் போனார்.

நான் மேசை லாச்சியைத் திறந்து துடைக்கிற துணியை எடுத்தேன்.