புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

என் கணவருக்கும் ஒரு துப்பாக்கிக்கும் இருந்த உறவை நான் மூன்று வருடம் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டேன் என்பது கொஞ்சம் தாராளமான பேச்சு. அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன், அவர் காதுபடவே.

அவர் கோவில்பட்டியில் குடும்பத்துத் தீப்பெட்டி ஆலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் குச்சி மருந்தோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்த மருந்துத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற பழைய வகை. நாகலாபுரம் பக்கம் ஆட்டுக்கிடை வைத்திருந்த ஒரு குடும்பம் நரி விரட்ட வைத்திருந்தது. அவர்களுக்கு வேண்டாம் என்றானதும், லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காக இவர் தூத்துக்குடிக்கு நடையாய் நடந்தார். பெற்ற மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு நாள் லீவு போட முடியாத மனிதர்! அது வீட்டுக்குள் வந்த அன்றே சொல்லிவிட்டேன், என் கை அதன்மேல் படாது என்று. ஆயுத பூஜைக்குக்கூட அவரேதான் அதற்குச் சந்தனம் வைப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில், இந்த மாதிரி துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து எங்கள் ஊரிலேயே ஒரு கண்காட்சி நடத்துவதாகக் கடிதம் வந்தது. எட்டயபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை. பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. அந்த மேசையில் தன்னுடையதும் ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்கு முந்தைய வாரம் ஒரு காதுகுத்து வீட்டில் அவருடைய அண்ணன்மார், “துருப்பிடிச்ச கம்பிக்கு பூசை பண்ணுதான்” என்று சொல்லிச் சிரித்தார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் பந்தியில் பாதி இலையோடு எழுந்துவிட்டார். அதைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. நான் கேலி செய்யலாம். இவர்கள் யார்?

சனிக்கிழமை அவர் ஆலைக்குப் போனதும் துப்பாக்கியைக் கொல்லைப்புறம் தூக்கிக்கொண்டு போனேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கறுத்த செம்பை வைப்போமா? பித்தளைப் பகுதிகளைப் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்தேன். குழல் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. அதைத் துரு என்று முடிவு கட்டி, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்து மதியம்வரை மூச்சுவாங்கத் தேய்த்தேன். கடைசியில் புது எவர்சில்வர் பாத்திரம்போல வெள்ளை வெளேரென்று வந்துவிட்டது. எனக்கே என்மேல் பெருமை. நன்றாகத் துடைத்து, சலவை வேட்டியில் சுற்றிக் கட்டி வைத்தேன்.

அவர் வந்து பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, நீயா எடுத்துக் கட்டுன?” என்றார்.

“நாந்தான். அங்கன போயித்தான் பிரிக்கணும். இங்கன பிரிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

அவர் சிரித்துக்கொண்டே அதை அலமாரியில் வைத்தார். பிரிக்கவில்லை.

மறுநாள் மண்டப வாசலில் போலீஸ்காரர்கள் லைசென்ஸைப் பார்த்து உள்ளே விட்டார்கள். பந்தி மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, வரிசையாகத் துப்பாக்கிகள். வந்திருந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். சுற்றிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பளபளக்கவில்லை. எல்லாம் பழுப்பு, கறுப்பு, காப்பிக்கொட்டை.

கண்காட்சியை நடத்தியவர் தூத்துக்குடியில் பம்புசெட் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு துப்பாக்கியையும் அவர்தான் சோதித்து மேசைக்கு அனுப்பினார். என் கணவர் துப்பாக்கியைச் சுற்றியிருந்த வேட்டியைப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

பம்புசெட்காரர் குழலுக்குள் கம்பியை விட்டு, உள்ளே மருந்து இல்லை என்று பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தவர், அதை உடனே கீழே வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, இந்த நிறம் நூறு வருசமா ஏறுனதுல்லா? அதைப் பாத்துத்தானே எந்தக் காலத்துச் சாமான்னு சொல்லுதோம். யாரு இதைத் தேய்ச்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொல்லிவிட்டார். “நாந்தான் தேய்ச்சேன்.”

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் தலையில் கை வைத்தார்கள். ஒருவர், “இத்தனை வருசம் வச்சிருக்கீய, இதுகூடத் தெரியாதா?” என்றார். என் கணவர் குனிந்துகொண்டே, “தெரியாமப் போச்சு” என்றார். எனக்கு நின்ற இடத்திலேயே கூசிப்போனது.

பம்புசெட்காரர் ஒரு அட்டையை எங்களிடம் நீட்டினார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பக்கத்தில் வைக்கிற அட்டை. எந்த ஊர், யார் கையில் இருந்தது, கடைசி வரியில் என்ன மாற்றம் நடந்தது, யார் செய்தது. “உள்ளதை எழுதுங்க. மேசையில வைக்கலாமான்னு மத்தவங்களைக் கேட்டுட்டு வாரேன்” என்று போய்விட்டார்.

என் கணவரை மூலையில் காப்பி அண்டாப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் அதிகம் வரும்போல.

“எதுக்குப் பொய் சொன்னீங்க? நாலு பேரு முன்னால என்னை வைய வேண்டியதுதானே?”

“வைய வேண்டாம்னு தோணிச்சு.”

“ஏன்?”

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தொடவே மாட்டேன்னு சொன்னவ, கை வலிக்க வலிக்கத் தேய்ச்சிருக்க. அதைப் பாக்கவா, நிறத்தைப் பாக்கவா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பி ஊற்றுகிறவர் பார்க்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கணவரின் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, அட்டையை நானே எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘புளி, திருநீறு, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தது. செய்தவர்: மனைவி. கணவருக்குத் தெரியாது.’

பம்புசெட்காரர் இன்னும் இரண்டு பேரோடு திரும்பி வந்தார். அட்டையை வாங்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் படித்து முடித்ததும் சிரித்துவிட்டார்.

“இங்கன இருக்க அட்டையில பாதி ரீல் அண்ணாச்சி. பாட்டன் சுட்டது, பூட்டன் சுட்டதுன்னு எழுதியிருக்காவ. இது ஒண்ணுதான் சுத்தமா உள்ளது உள்ளபடி இருக்கு” என்றார் பம்புசெட்காரர். துப்பாக்கியை அவரே எடுத்துக்கொண்டு போய், கடைசி மேசையில் இடம் ஒதுக்கி வைத்தார். நான் எழுதிய அட்டையைப் பக்கத்தில் சாய்த்து நிறுத்தினார்.

என் கணவர் அன்றைக்குச் சாயங்காலம்வரை அந்த மேசையைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும், சிரித்து முடித்ததும், அது எந்த ஊர், எப்படிச் சுடுவது என்று அவரிடம் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். அண்ணன்மாரில் ஒருவரும் சும்மா எட்டிப் பார்க்க வந்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, கிண்டல் ஒன்றும் இல்லாமல் போனார். எனக்கு அது போதும்.

துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது பம்புசெட்காரரிடம் நானே போய்க் கேட்டேன். “போன நிறம் திரும்பி வருமா அண்ணாச்சி?”

“வரும்மா. சும்மா வச்சா துருதான் வரும். வாரத்துக்கு ஒருக்கா துணியில ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கையால நீவி நீவி வைக்கணும். மெதுவாத்தான் ஏறும். ஒரு இருவது வருசம் ஆகும்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கணவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“இருவது வருசமா?” என்றார். “அப்ப இருவது வருசத்துக்கு இவ அதைத் தொட்டுத்தான் ஆகணும்.”

“வெள்ளிக்கிழமைதான் எனக்குக் கை ஒழியும்” என்றேன்.