செல்வா அண்ணனின் பைக்கும் என் மஞ்சள் தண்ணீரும்

செல்வா அண்ணன் இன்று காலையில் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்றாராம்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கந்தப்பளைப் பக்கம் ‘ரேஸ் செல்வா’ என்றால் தெரியாதவர்கள் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர். நான் அங்கே ஆபீஸ் கிளார்க்.

அரைத்த கொழுந்தில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். “இன்னும் பத்து நிமிசம் கெடக்கட்டும்” என்பார். சரியாக இருக்கும். எப்படிண்ணே தெரியுது என்று கேட்டால், “ஒனக்கும்தான் மூக்கு இருக்கு, அத என்னத்துக்கு வச்சிருக்க?” என்று சிரிப்பார்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் சேற்றுத் தரையில் ஒரு பைக் ரேஸ் நடக்கும். கொழும்புக்காரர்கள் பைக்கை வேனில் ஏற்றி, மெக்கானிக்கையும் கூட்டி வருவார்கள். அண்ணன் தினமும் வேலைக்கு வரும் அதே பழைய பைக்கில், லைட்டையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டுப் போய் நிற்பார்.

ஜெயிக்கிற பேச்செல்லாம் கிடையாது. மூன்று வருசமாகப் பைக் பாதியிலேயே நின்று மானத்தை வாங்கியது. “ஒரு தடவையாவது தள்ளிக்கிட்டு வராம, ஓட்டிக்கிட்டு வந்து கோட்டத் தாண்டணும் லோகா.” அவ்வளவுதான் அவருடைய ஆசை.

நாலாவது வருசம் ரேஸ் அன்று பூசைக்கு நான் பொறுப்பு. பூசை போடாமல் நாங்கள் எந்த வண்டியையும் நகர்த்த மாட்டோமே... மாலை, விபூதி, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தெளித்தது போதாது என்று எனக்கே தோன்றி, மிச்சத்தைச் செம்போடு எஞ்சின் மேல் கவிழ்த்தேன். பக்தி முற்றிவிட்டது.

அன்றைக்கு இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் இரண்டாவது சுற்றிலேயே பைக் இருமத் தொடங்கியது. அப்புறம் செத்துப்போனது.

அண்ணன் தள்ளிக்கொண்டு வந்தார். மறுபடியும். பெக்டரி ஆட்கள் நாங்கள் ஓடிப்போய்ச் சுற்றி நின்றோம்.

அடுத்த ஓட்டத்துக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் குட்டிக் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்த பெட்ரோலைப் பிளேன்டீ கப்பில் ஊற்றினார். குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

என் கையில் அந்தச் செம்பு இருந்தது. அதை ஏன் கிரவுண்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள்.

“பனித்தண்ணி எறங்கிருச்சுப்பா” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். கப்பைப் புல்லில் ஊற்றிவிட்டார்.

ஈரமான பிளக்கைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் சோளம் அவித்து விற்ற சிங்கள அக்காவின் அடுப்புக்கு ஓடினார். “மொகத மல்லி?” என்ன தம்பி என்று கேட்டுக்கொண்டே அந்த அக்கா பானையை நகர்த்தி இடம் கொடுத்தாள். சோள அடுப்பில் பிளக் காய்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு உதை, இரண்டு உதை... ஐந்தாவது உதையில் பைக் கத்தியது. நாங்களும் கத்தினோம்.

எட்டுப் பேரில் ஆறாவது. ஆனால் ஓட்டிக்கொண்டு வந்தார்! நாங்கள் கொளுத்திய பட்டாசில், ஜெயித்தது யார் என்று கொழும்புக்காரர்களுக்கே குழம்பிவிட்டது. அண்ணன் மட்டும் ரொம்ப நேரம் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

சாயங்காலம் அவருடைய லயத்து வீட்டுக்குப் போனோம். துணிக் கொடியில் ஒரு ஸ்பாஞ்ச் காய்ந்துகொண்டிருந்தது. என்ன அண்ணி இது என்று கேட்டேன்.

“பைக்கோட ஃபில்டராம். கழுவிக் காயப்போட்டவரு, மாட்ட மறந்துட்டுப் போயிட்டாரு.”

அப்படியென்றால் நான் செம்பைக் கவிழ்த்தபோது, அந்த ஸ்பாஞ்ச் மூடியிருக்க வேண்டிய கார்புரேட்டர் வாய் திறந்து கிடந்திருக்கிறது. அன்றைக்கு ஏது பனி? வெயிலில் என் முகமெல்லாம் எரிந்தது.

அவருக்குத் தெரியுமா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்திருந்தால் அடுத்த வருசம் என்னைப் பைக் பக்கமே விட்டிருக்க மாட்டார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் அதற்குப் பிறகும் ஒவ்வொரு ரேசுக்கும் “லோகா வந்துருச்சா? அப்ப பூசையப் போடுங்க” என்பார். நான் வராமல் பைக்கை எடுக்கவே மாட்டார்.

இன்று மத்தியானம் போயிருந்தேன். பைக் வாசலிலேயே நிற்கிறது. அண்ணி என் கையைப் பிடித்து அழுதார். அப்புறம் அவராகவே எழுந்துபோய், டூல்ஸ் பெட்டியிலிருந்து மடித்து வைத்த ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கை எடுத்து வந்தார். ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. மஞ்சள் கறை.

“ஒவ்வொரு தடவையும் நீ வர்றதுக்கு முந்தி இத ஃபில்டர் மேல கட்டி, மாலையால மறைச்சிருவாரு. பூசை முடிஞ்சோன்ன யாருக்கும் தெரியாமக் கழட்டுவாரு. இது என்னாத்துக்குங்க, அந்தப் புள்ளகிட்டச் சொல்லிறலாமுல்லன்னு கேட்டேன். ‘அது ஆசையா ஊத்துது, ஊத்தட்டும்’னாரு.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்தப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது மடியில் இருக்கிறது.

பெட்ரோல் நாற்றத்தையும் தாண்டி மஞ்சளை மோந்து பிடித்தீர்களா, இல்லை கப்பில் நிறத்தைப் பார்த்தீர்களா... அது ஒன்று மட்டும் இன்னும் தெரியவில்லை அண்ணே.

சரி. பைக் இருமாமல் போயிட்டு வாங்க.