மூன்று பத்துக்கு எழுந்தவன்

வடக்குப்பட்டில் நாங்கள் இருந்த வாடகை அறையில் ஆட்கள் நான்கு பேர், பாய் இரண்டு. ஷிப்டு மாறி மாறி வந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது. அந்த அறை மாதிரி ஒரு சந்தோஷமான இடத்தில் பிறகு நான் வாழ்ந்ததில்லை.

அப்போது எனக்குப் பங்குச்சந்தைப் பைத்தியம். ஷேர் ஆட்டோவில் வரும்போது பார்த்த வீடியோக்கள்தான் படிப்பு. தனித்தனிக் கம்பெனிகளைத் தேட வேண்டாம், சந்தை மொத்தத்துக்குமான இண்டெக்ஸின் யூனிட்டை வாங்கு, இறங்கும் என்று தோன்றினால் முதலில் விற்றுவிட்டு, இறங்கியதும் வாங்கு, அன்றைக்கே முடித்துவிடு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், பேச்சு மட்டும் பெரிய பேச்சு.

அறையில் அதைக் காது கொடுத்துக் கேட்டவன் ஒருவன்தான். சங்கரன்கோவில்காரன். நைட் ஷிப்டு, ஒப்பந்த வேலை. ஆறு மாதம் பேர் கெடாமல் ஓட்டினால் கம்பெனியிலேயே எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தான்.

“இல்லாத சாமான எப்படில விப்ப?” என்று கேட்டான்.

“புரோக்கர் குடுப்பான்டா. சந்தை மூடுற மூணரைக்குள்ள வாங்கி வச்சிடணும். எறங்கிச்சுன்னா நமக்கு லாபம், அவ்ளோதான்.”

“ஊரே நட்டப்படும்போது ஒனக்கு மட்டும் லாபமா? நல்ல மனசுல ஒனக்கு.”

எனக்கு இரண்டாவது ஷிப்டு. காலையில் பத்து யூனிட் விற்றுவிட்டால், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று ஆசை விடாது. ஆனால் ஒரு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். உற்பத்தி லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் கிளம்பும்போது, காலை எட்டு மணிக்குத்தான் படுத்த அவனை எழுப்பி உட்கார வைத்து, போனைக் கையில் கொடுப்பேன். கூடவே ஓர் அட்டையில் ஒரு விலை. அந்த விலைக்கு ஏறினால், நட்டம் கூடாமல் உடனே வாங்கிவிட வேண்டும். ஏறாவிட்டால் மதியம் மணி மூன்று பத்துக்கு வாங்க வேண்டும்.

ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் திரும்பும்போது அவன் வேலைக்குப் போயிருப்பான். தலையணைக்கு அடியில் போன் இருக்கும். அட்டையின் பின்பக்கம் ‘வாங்கியாச்சு. டீக்குத் தேறும்’ என்று எழுதியிருப்பான். அந்த அட்டைகளில் ஒன்றைக்கூட எடுத்து வைக்காமல் போனேனே என்று இப்போது இருக்கிறது.

ஐந்தாவது மாதம் அவன் லைனில் நின்றபடியே தூங்கிப்போனான். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். ஒப்பந்தக்காரர் காரணம்கூடக் கேட்கவில்லை, மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்.

“ஒடம்பு கேக்கல. அதுக்கு நீ என்னல செய்வ?” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினான்.

அடுத்த வாரம் தனியாக ஆப்பைத் துழாவிக்கொண்டிருந்தேன். ‘ஸ்டாப் லாஸ்’ என்று ஒரு கட்டம் இருந்தது. விற்ற கையோடு அதில் ஒரு விலையைப் போட்டு வைத்தால், அந்த விலை வந்ததும் தானாகவே வாங்கிவிடும். வராவிட்டாலும் சந்தை மூடுவதற்கு முன்னால் புரோக்கரே வாங்கிக் கணக்கை முடித்துவிடுவான். ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். புதிதாக வருகிறவன் முதல் நாளே படிக்க வேண்டிய பாடம் அது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்றோடு அந்த வியாபாரத்தை விட்டேன்.

இப்போது அவனுக்கு ஊரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. போன மாதம் பேசினோம். மதியம் கடையில் கண் அசந்தாலும் சரியாக மூன்று பத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம்.

“யாரும் எழுப்பல பாத்துக்க. தானா முழிச்சு ஒன் போனத் தேடுதேன்ல” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அந்தக் கட்டத்தைப் பற்றி இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.