அதிராம்பட்டினத்தில் வாங்கிய பெட்டி

ஒரத்தநாடு பக்கம் ஒரு காதணி விழாவில், ஆம்ப்ளிஃபையரை மேடையில் ஏற்றக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து என்னை வேனில் கிடத்தினார்கள்.

தஞ்சாவூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் முப்பது வருடத்துக்கும் மேலாக பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். பாட்டுக்கு அடியில் கனமாக ஓடும் அந்தச் சத்தத்துக்குக் கனமான பெட்டிதான் வேண்டும் என்று நம்பி, நாற்பது கிலோவை ஊர் ஊராகத் தூக்கியிருக்கிறேன். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, முதுகெலும்பின் நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். "பத்து கிலோவுக்கு மேல தூக்காதீங்க. நின்னுக்கிட்டு வாசிக்கிறதையும் விட்டுடுங்க."

குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தார். "அண்ணே, பாஸை நான் இடது கையில கீபோர்டுலயே போட்டுக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க." அன்பாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு கிட்டாரை எடுத்துத் துடைத்து உறையில் போட்டு வைத்தேன்.

எடை குறைந்த பெட்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் சொன்னவர் எங்கள் டிரம்ஸ்காரர். அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் துபாயில் ஓட்டல் பேண்டில் பாஸ் வாசித்தவராம். ஊருக்குத் திரும்பி இரண்டு வருடத்தில் இறந்துவிட்டார். அவருடைய தம்பி ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். போன் செய்தேன். வரச் சொன்னார். என் கிட்டாரை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டுக்கோட்டையில் பஸ் மாறிப் போனேன்.

தம்பி என்னை மாடி அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. "காக்காவோட ரூம். கிட்டாரை ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டார். இது மட்டும் கிடக்கு." அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள்.

டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு ஆம்ப், அதற்குக் கீழே ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. பெட்டியைப் பிடித்துத் தூக்கினேன். கை கனத்தை எதிர்பார்த்திருந்தது, கனம் இல்லை. உடம்பு பின்னால் சாய்ந்து, சுவரில் இடித்துக்கொண்டேன். ஒன்பது கிலோதான் இருக்கும்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஆணியில் இடுப்பு பெல்ட் ஒன்று தொங்கியது. பக்கத்தில் முதுகுவலிக்கான உடற்பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு தாள். மூன்றாவது படத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். எனக்கு டாக்டர் கொடுத்த தாளிலும் அதே மூன்றாவது படத்தில்தான் வட்டம். மூலையில் முதுகு சாய்த்துக்கொள்ளும் உயரமான ஸ்டூல். உட்கார்ந்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. ஆம்பின் குமிழ்களை அவர் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வாசித்தேன். எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

கீழே போய்விட்டு வந்த தம்பி, "மதினி இந்தப் பெட்டியைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார்.

இறந்தவரின் மனைவி கதவுக்கு வெளியே நின்றார். வெள்ளைத் துப்பட்டியும் பாதி முகமும்தான் தெரிந்தன.

"போன வருச நோன்புல நடந்தது. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு அவங்க மேல படுக்க வந்தாங்க. நோன்பு மாசத்துல இதைத் தொடவே மாட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் இருக்கும், மேலேர்ந்து ஒரே ஒரு சத்தம். நீளமா. அடுப்படிச் சொவரு அதிர்ந்துச்சு. நான் கஞ்சி கிண்டிக்கிட்டிருந்தேன். கையை எடுத்தா அடி பிடிச்சிரும். நோன்பு வச்சுக்கிட்டு இது என்ன வேலைன்னு எரிச்சல் வேற. வரல."

நோன்பு திறக்கும் நேரத்துக்கும் கணவர் இறங்கவில்லை. தம்பிதான் முதலில் மேலே வந்து பார்த்திருக்கிறார். படுத்த கொஞ்ச நேரத்திலேயே, அசருக்கு வெகு முன்னாலேயே உயிர் போயிருக்கும் என்றாராம் பார்க்க வந்த டாக்டர்.

"டாக்டர் சொல்றது தப்பு. அந்தச் சத்தம் அவங்க என்னைக் கூப்பிட்டது. நான் வந்திருந்தா..."

"அப்ப கிட்டார் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இந்தப் பெட்டி மேல சாஞ்சு நின்னுச்சு" என்றார் தம்பி.

எனக்கு விஷயம் புரிந்ததுபோல் இருந்தது. என் கிட்டாரைப் பெட்டியின் மேல் சாய்த்தேன். சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கதவருகே தள்ளி வந்து நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தடித்த கம்பி தானாக நடுங்க ஆரம்பித்தது. ஸ்பீக்கர் அதிர்ந்து கம்பியை அசைக்கும். கம்பி அசைந்து ஸ்பீக்கரை அதிர வைக்கும். சத்தம் மெல்ல ஏறி அறையை நிறைத்தது. ஜன்னல் கண்ணாடி சடசடத்தது. யாரும் தொடாமல் அந்தக் கம்பி அதிர்வதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இதே சத்தம்தான்."

போய் நிறுத்தினேன். "யாரும் கூப்பிடலைம்மா. சாய்ச்சு வச்சா இது தானா கத்தும். நீங்க வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே போய் எனக்கு டீ கொடுத்தனுப்பினார்.

பேசிய விலையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை தம்பி கூட வந்தார். என் ஒரு கையில் ஆம்ப், இன்னொரு கையில் பெட்டி, தோளில் கிட்டார். இடுப்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நல்ல காரியம் செஞ்சீங்க. ஒரு வருசமா அசருக்கப்புறம் மதினி அடுப்படியில நிக்க மாட்டாங்க" என்றார் தம்பி. பிறகு குரலைத் தணித்தார். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு நான் போனப்ப இதுல லைட் எரியல. கரண்டு ஒயரையே கழட்டி அலமாரியில வச்சுப் பூட்டியிருந்தாக காக்கா. நோன்பு மாசம் பூரா அப்படித்தான். சாவி அவக சட்டைப்பையில இருந்துச்சு."

"மதினிகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. சொல்லவும் மாட்டேன்."

"பக்கத்துல ஏதாவது போர் மோட்டார் ஓடியிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "எங்க வீடு அடுத்த வீடு. நானும் கேட்டேன். அது மோட்டார் இல்லைங்க."

பட்டுக்கோட்டை பஸ் வந்தது. பெட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் தென்னந்தோப்புகள் பின்னால் ஓடின. பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்து அதன் மேல் உள்ளங்கையை வைத்திருந்தேன். அதில் தெரிந்தது பஸ்ஸின் அதிர்வுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த கச்சேரியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தேன். கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இடது கையைப் பாஸிலிருந்து எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இந்தப் பெட்டியோடுதான் எல்லாக் கச்சேரியும். கச்சேரி முடிந்ததும் ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். கிட்டாரை அதன் மேல் சாய்ப்பதில்லை. வீட்டில் இதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் அந்த அம்மாவே போன் செய்தார். மாடியில் ஒரு டீச்சரைக் குடிவைத்திருக்கிறாராம்.

"அந்தப் பெட்டி உங்ககிட்டதானே இருக்கு?"

"என் பக்கத்துலதான் இருக்கும்மா."

"சாயங்காலம் ஏதோ அதிருதுன்னு அந்த டீச்சர் சொல்றாங்க. நானும் மேல போய் அரை மணி நேரம் உக்காந்து பார்த்தேன்."

"ஏதாவது கேட்டுச்சாம்மா?"

"அன்னிக்கு மேல போகல. இப்ப போய் உக்காந்திருந்தது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.